விழுந்த பல் சொன்ன கணக்கு

விழுந்த பால்பல்லைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து ஓட்டுக்கூரை மேல் வீசிய தலைமுறை என்னுடையது. புதுப்பல் ஒழுங்காக முளைக்க வேண்டும் என்பதைத் தாண்டி அந்தப் பல்லின் மேல் எங்களுக்கு அக்கறை ஒன்றும் இருந்ததில்லை. 1958-ன் இறுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சில மருத்துவர்களும் அறிவியலாளர்களும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து, விழுந்த பல்லை எங்களுக்கு அனுப்புங்கள் என்று வீடு வீடாக, பள்ளி பள்ளியாகக் கேட்கத் தொடங்கினார்கள். பல்லைக் கொடுத்த பிள்ளைக்கு, அதை அறிவியலுக்குத் தந்துவிட்டேன் என்று சொல்லும் வில்லை ஒன்று, சட்டையில் குத்திக்கொள்ள. லூயிஸ் ரைஸ் என்ற பெண் மருத்துவர் முன்னின்று தொடங்கிய அந்தச் சேகரிப்பில், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் பற்கள் சேர்ந்தன.

அணுகுண்டுகளைத் திறந்தவெளியில் வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்த காலம் அது. வெடிப்பில் பிறந்த ஸ்ட்ரான்ஷியம்-90 காற்றோடு போய், மழையோடு இறங்கி, புல்லில் படிந்தது. புல்லை மாடு தின்றது; மாட்டின் பாலைக் குழந்தை குடித்தது. ஸ்ட்ரான்ஷியத்தைக் கால்சியம் என்று நம்பி ஏமாறும் உடல், அதைக் கொண்டுபோய் வளர்கிற எலும்பிலும் பல்லிலும் வைத்துப் பூசிவிடும். பற்களைப் பிறந்த ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, பின்னால் பிறந்த பிள்ளைகளின் பல்லில் முன்னவர்களைவிட அந்தக் கதிரியக்கப் பொருள் கூடியிருந்தது. 1963 ஆகஸ்டில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும், காற்றுவெளியில் அணுகுண்டு சோதிப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. பல்லால் மட்டும் வந்த ஒப்பந்தம் என்று சொன்னால் மிகை. ஆனால் எங்கோ பாலைவனத்தில் நடந்த வெடிப்பு தன் வீட்டுப் பிள்ளையின் வாய்க்குள் இருக்கிறது என்று எண்ணைப் போட்டுக் காட்டிய பிறகு, பயப்பட ஒன்றுமில்லை என்று ஓர் அரசு சொல்லிக்கொண்டிருப்பது கடினம்.

அவர்கள் பெரியவர்களின் பல்லைக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிடுங்கிப்போட்ட கடைவாய்ப்பல்லுக்குப் பல் மருத்துவர்களிடம் பஞ்சமா என்ன? ஆனால் வளர்ந்தவரின் பல் என்றோ கட்டி முடித்த சுவர். குழந்தையின் பல்தான் அப்போது நடப்பதை அப்போதே பதிந்துகொள்கிறது. எந்த நஞ்சை அளக்கிறோம் என்பதோடு, எந்த வயது உடலில் அளக்கிறோம் என்பதும் சேரும்போதுதான் ஓர் எண்ணுக்கு அர்த்தம் வருகிறது. காற்றை அளக்க, ஆற்று நீரை அளக்க நம்மிடம் வாரியங்கள் இருக்கின்றன. அந்தக் காற்றிலும் நீரிலும் சோற்றிலும் இருப்பது மூன்று வயதுப் பேத்தியின் ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது, அவளது பாட்டியின் எலும்பில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று தொடர்ந்து அளப்பதற்கு இந்த நாட்டில் நிலையான ஏற்பாடு ஒன்றும் இல்லை.

ஈயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு குறிப்பு: பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம், பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுதான். இங்கே பேசுவது காரீயம். பழைய பேட்டரியில், பழைய பெயின்ட்டில், ஒருகாலத்தில் பெட்ரோலில் இருந்தது. தமிழ் இரண்டுக்கும் ஒரே பெயரைப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டதால் கலப்படக்காரர்களுக்கும் வசதி, குழம்புகிறவர்களுக்கும் வசதி.

ஒரே வீடு, ஒரே தரை, ஒரே தூசி. தாத்தா அந்தத் தரையில் நாற்காலி போட்டு உட்கார்கிறார். பேரன் தவழ்கிறான், கையை வாயில் வைக்கிறான். கிலோவுக்குக் கிலோ கணக்குப் பார்த்தால் அவன் தாத்தாவைவிட அதிகம் மூச்சு வாங்குகிறான், அதிகம் குடிக்கிறான், அதிகம் உண்கிறான். வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவரின் குடல் உறிஞ்சுவதைப்போல் நான்கைந்து மடங்கைச் சிறுபிள்ளையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போய்ச் சேரும் இடமோ இன்னும் கட்டுமானத்தில் இருக்கும் மூளை. நச்சு அளவுகளைக் கணக்கிடுகிறவர்கள் வெகுகாலம் மனதில் வைத்திருந்தது எழுபது கிலோ எடையுள்ள, வளர்ந்த, ஆரோக்கியமான ஓர் ஆணை. அப்படி ஒருவர் நம் குடும்ப அட்டைகளில் வீட்டுக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார்.

அளந்ததால் ஒரு நாட்டின் கொள்கை மாறியதற்கு ஈயத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அமெரிக்காவில் உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடக்கிறது. பரிசோதனைக்கூடமாக மாற்றிய பெரிய வண்டிகள் ஊர் ஊராகப் போகும். பொறுக்கி எடுத்த வீடுகளிலிருந்து மக்கள் வந்து ரத்தமும் சிறுநீரும் கொடுப்பார்கள். 1976-லிருந்து 1980 வரை நடந்த சுற்றில், ஆறு மாதக் குழந்தை முதல் 74 வயது முதியவர் வரை ரத்தத்தில் ஈயம் பார்த்தார்கள். அந்த நான்கே ஆண்டுகளில் சராசரி 37 விழுக்காடு இறங்கியிருந்தது. பெட்ரோலில் கலக்கும் ஈயம் குறைந்த கோட்டையும் ரத்தத்தில் குறைந்த கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்கின. சுத்திகரிப்பு ஆலைகளுக்காக ஈய விதிகளைத் தளர்த்தலாமா என்று 1982-ல் யோசித்துக்கொண்டிருந்த அரசு, இந்த எண்களுக்குப் பிறகு எதிர்த்திசையில் நடந்தது. 1985-ல் வந்த உத்தரவு, பெட்ரோலில் அனுமதித்த ஈயத்தைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியது. எழுபதுகளின் இறுதியில் ஒன்று முதல் ஐந்து வயது அமெரிக்கக் குழந்தையின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, சராசரியாகச் சுமார் 15 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. இப்போது ஒன்றுக்கும் கீழே.

இன்னொன்றையும் அவர்கள் செய்கிறார்கள். எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும் என்ற கோட்டை ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் அளவுகளை வைத்தே போடுகிறார்கள். அந்த வயதுப் பிள்ளைகளில் மிக அதிகம் ஏறியிருக்கும் இரண்டரை விழுக்காட்டினர் எங்கே தொடங்குகிறார்களோ, அதுதான் கோடு. நாடு சுத்தமாக ஆக ஆகக் கோடும் கீழே இறங்கும். 1991-ல் 10 என்றிருந்தது, 2012-ல் 5 ஆகி, 2021-ல் 3.5 ஆனது. அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவே கிடையாது. முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதற்கான கோடு அது.

இனி பாட்டியிடம் வருவோம். ரத்தத்தில் ஏறிய ஈயம் ஒரு மாதத்தில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். எலும்பில் போய் உட்கார்ந்தது அப்படிப் போகாது. பத்து, இருபது, முப்பது ஆண்டுகூடத் தங்கும். வளர்ந்தவர் உடலில் உள்ள ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்கு எலும்பில்தான் இருக்கிறது. எலும்பு கரையும் பருவங்கள் பெண்ணுக்கு இரண்டு: பிள்ளை சுமக்கும்போது ஒன்று, மாதவிலக்கு நின்றபின் இன்னொன்று. என்றைக்கோ உள்ளே போனது அப்போது மறுபடி ரத்தத்துக்கு வருகிறது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல்தான் முற்றாக நின்றது. எண்பதுகளில் மவுன்ட் ரோட்டுப் பேருந்து நிறுத்தத்தில் தினமும் காத்து நின்று கல்லூரிக்குப் போன பெண்ணுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. அந்தப் புகையில் ஒரு பங்கு இன்னும் அவரோடுதான் இருக்கும். முதியவர்களுக்கு ஈயம் செய்வது இதயத்தில்: 2019-ல் மட்டும் உலகெங்கும் 55 லட்சம் பேர் ஈயத்தால் வந்த இதய நோயில் இறந்தார்கள் என்று உலக வங்கி ஆய்வாளர்கள் 2023-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். பிள்ளைக்கு மூளை, தாத்தா பாட்டிக்கு இதயம். ஒரே நஞ்சுதான்; வயதுக்கு ஒரு முகம் காட்டுகிறது.

வயதுவாரியாகப் பிரிப்பதில் ஒரு பொறியும் இருக்கிறது. எழுபது வயதுக்காரர் ரத்தத்தில் டிடிடியின் மிச்சம் அதிகம் என்றால், வயதானதால் சேர்ந்ததா, டிடிடி தெளித்த காலத்தில் வாழ்ந்ததால் சேர்ந்ததா? ஒருமுறை மட்டும் எடுத்த கணக்கெடுப்பால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. வயது வேறு, பிறந்த ஆண்டு வேறு. ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து அதே வயதுக்காரர்களை மறுபடி அளந்தால்தான் இரண்டும் பிரியும். ‘ஆய்வு செய்துவிட்டோம்’ என்று ஒருமுறை அறிக்கை வெளியிட்டுவிட்டு அலமாரியைப் பூட்டுவதற்கும் கண்காணிப்புக்கும் உள்ள தூரம் இதுதான். செயின்ட் லூயிஸ் பற்களுக்கே இன்னொரு பயன் பின்னால் வந்தது. 2001-ல் ஒரு பழைய கிடங்கில் சுமார் 85 ஆயிரம் பற்கள், சிறு உறைகளில், பெயர் விவரத்தோடு கிடைத்தன. அந்தப் பிள்ளைகளெல்லாம் இன்று அறுபது, எழுபது வயதுக்காரர்கள். பிறக்கும் முன்பும் பிறந்த புதிதிலும் பல்லில் படிந்த உலோகங்களுக்கும் இன்றைய அவர்களது நினைவாற்றலுக்கும் தொடர்பு உண்டா என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அளப்பதும் அத்தனை எளிய வேலை இல்லை. பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டுகள் உடலில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை, சிறுநீரில் போய்விடும். காலையில் எடுத்த மாதிரிக்கும் மாலையில் எடுத்ததற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கலாம். தண்ணீர் நிறையக் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும் என்பதால், கிரியாட்டினின் அளவால் வகுத்துச் சரிக்கட்டுவது வழக்கம். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த குழந்தைக்கும் முதியவருக்கும் அது குறைவு. குறைந்த எண்ணால் வகுத்தால் விடை பெரிதாக வரும்தானே? ஐந்து வயதுப் பிள்ளையின் விடையை முப்பது வயது இளைஞரின் விடையோடு நேராக ஒப்பிட்டுத் தலைப்புச் செய்தி போட்டால் அது தவறான செய்தி. பிள்ளையைப் பிள்ளையோடு, முதியவரை முதியவரோடு ஒப்பிட வேண்டும். அதற்கும் ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனி அடிப்படை அளவு கையில் இருக்க வேண்டும்.

இப்படி அடிப்படை அளவை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பலனை ஜெர்மனியில் பார்க்கலாம். அங்கே நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம் மூன்றாண்டுக்கு ஒருமுறை மழலையர் காப்பகப் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதிக்கிறது. இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே கட்டுப்படுத்திய ஒரு தாலேட்டின் சுவடு 2017-18 மாதிரிகளில் 26 விழுக்காட்டில் இருந்தது. 2020-21 மாதிரிகளில் 61 விழுக்காடு. இருக்கவே கூடாத பொருள் பிள்ளைகளிடம் கூடிக்கொண்டு போகிறது. 2024 தொடக்கத்தில் செய்தி வெளியானதும் தேடல் முடுக்கிவிடப்பட்டது. பொம்மையா, உணவா, தரைவிரிப்பா? கடைசியில் அது வெயிலுக்குப் பூசும் களிம்பில் போய் நின்றது. களிம்பில் சேர்க்கும் ஒரு புற ஊதா வடிப்பியைத் தயாரிக்கும்போது இந்தத் தாலேட் அழுக்காகச் சேர்ந்துவிடுகிறது. பிள்ளைக்கு நல்லது என்று பெற்றோர் பார்த்துப் பார்த்துப் பூசியது அது. கடைக்குப் போய் ஒவ்வொரு பொருளாகச் சோதித்திருந்தால் எந்தக் காலத்தில் கண்டுபிடித்திருப்பார்கள்? பிள்ளையின் உடலே முதலில் காட்டிக்கொடுத்தது.

நம் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட 756 பள்ளிப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயத்தை அளந்து, அவர்களது கவனத்தையும் நடத்தையையும் பற்றி ஆசிரியைகளிடம் கேட்டு, 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஈய அளவின் சராசரி 11.4 மைக்ரோகிராம். ஈயம் கூடக் கூட வகுப்பில் கவனச் சிதறலும் கூடியிருந்தது. பெட்ரோலில் ஈயம் நின்று சில ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த அளவு இது. அதே காலத்தில் அமெரிக்கச் சிறுபிள்ளையின் சராசரி இரண்டுக்கும் கீழே. இந்த எண் சட்டமன்றத்தில் கேள்வியாக எழுந்திருக்க வேண்டிய எண். கேரளத்தின் காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்த மலைக்கிராமத்தில், 10 முதல் 19 வயதுக்குட்பட்ட 117 பையன்களைத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் சோதித்தது. தெளிக்காத ஊரைச் சேர்ந்த 90 பையன்களோடு ஒப்பிட்டபோது இவர்கள் ரத்தத்தில் அந்த மருந்து ஐந்து மடங்குக்கும் மேல். பருவமடைவதும் தள்ளிப்போயிருந்தது. ஊரிலுள்ள பெரியவர்களை மட்டும் சோதித்திருந்தால் இந்தச் சேதம் கண்ணிலேயே பட்டிருக்காது. மீசை முளைக்கும் வயதில் மட்டும் தெரிகிற சேதம் அது.

ஆனால் இவையெல்லாம் தனித்தனி ஆய்வாளர்களின் ஊக்கத்தில், தனித்தனி ஊர்களில் எடுத்தவை. 2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் 27.5 கோடி குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமுக்கு மேல் என்று சொன்னது. அது குத்தி எடுத்த ரத்தத்தின் கணக்கு இல்லை. கிடைத்த சிறு ஆய்வுகளை வைத்துக் கணினி போட்ட மதிப்பீடு. நம் பிள்ளைகளைப் பற்றி வெளிநாட்டு மதிப்பீட்டை நாமே கேட்டு அதிர்ச்சியடையும் நிலை.

இத்தனைக்கும் தேசியக் கணக்கெடுப்பில் நாம் ஒருமுறை ஈயத்தை அளந்திருக்கிறோம். 1998-99-ல் நடந்த இரண்டாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், டெல்லியிலும் மும்பையிலும் மூன்று வயதுக்குட்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஈயச் சோதனை நடந்தது; பெரும்பாலோருக்கு 5-க்கு மேல் இருந்தது. அந்தக் கணக்கெடுப்பில்தான் ரத்தசோகைக்காக ஹீமோகுளோபின் பார்ப்பதும் முதல்முறையாகத் தொடங்கியது. ஹீமோகுளோபின் அடுத்தடுத்த சுற்றுகளிலும் தொடர்ந்து, இன்று ஆட்சியர் கூட்டங்களில் பேசப்படும் எண்ணாகிவிட்டது. ஈயம் அத்தோடு நின்றுபோனது.

இரண்டையும் பிரித்ததில் உள்ள கோளாறு சாதாரணமானதில்லை. இரும்புச்சத்து குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். உள்ளே போன ஈயம் ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும். ஐந்தாவது கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை; 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு. இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், எண் அசைய மறுக்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள், அதே ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒருமுறையாவது பார்த்துவிட்டு அலுத்துக்கொள்ளலாம்.

செலவாகும், நம்மால் முடியாது என்பார்கள். 2016 முதல் 2018 வரை மத்திய சுகாதாரத் துறையும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்திய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, பிறந்த குழந்தை முதல் 19 வயது வரை 1.12 லட்சம் பேரைச் சந்தித்தது. 51 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடமிருந்து ரத்தம், சிறுநீர், மல மாதிரிகளை எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து, ஆய்வகம் கொண்டுபோய், வைட்டமின், துத்தநாகம், அயோடின் என்று வயதுவாரியாக அளந்தார்கள். ஊசியும் குழாயும் குளிர்பெட்டியும் பெற்றோரின் சம்மதமும் எல்லாம் கிடைத்தாயிற்று. அதே குழாயில் இன்னொரு சோதனை என்பது செலவில் ஒரு துளி. விரல்நுனி ரத்தம் இரண்டு சொட்டில் சில நிமிடங்களில் ஈயத்தைச் சொல்லும் கைக்கருவிகளும் வந்துவிட்டன. பிள்ளையின் விரலைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுக் குத்த வேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் விரலில் ஒட்டிய தூசியைக் கருவி அளந்துவிடும்.

தெரிந்துகொண்டு என்ன செய்வது, பீதிதானே மிஞ்சும் என்ற கேள்விக்கு வங்கதேசம் பதில் சொல்லிவிட்டது. அங்கே கிராமப்புறக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் கண்டு, பக்கத்தில் பேட்டரி உலையோ பெயின்ட் ஆலையோ இல்லாத ஊரில் இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர்கள் மஞ்சள்தூளில் போய் நின்றார்கள். மங்கிய மஞ்சள் கிழங்கைப் பளிச்சென்று காட்ட ஈயக் குரோமேட் பூசிக்கொண்டிருந்தார்கள் மண்டிக்காரர்கள். 2019-ல் அரசு சந்தையில் இறங்கிச் சோதித்து, அபராதம் போட்டு, நாளிதழ்களில் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு சந்தை மஞ்சளில் 47 விழுக்காட்டில் இருந்த ஈயக் கலப்படம் 2021-ல் பூஜ்யம். மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் ஈயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல், கர்ப்பிணிகளை அளந்ததில் தொடங்கிய வெற்றி.

ஒரு கவலையை மட்டும் நான் ஒதுக்கமாட்டேன். தாய்ப்பாலில் ரசாயனம் என்று அரைகுறையாகச் செய்தி போட்டு, பால் கொடுப்பதை நிறுத்தவைத்துவிட்டால் லாபம் பால்மாவு விற்பவர்களுக்குத்தான். சுவீடனில் எழுபதுகளிலிருந்து தாய்ப்பாலைச் சேமித்துச் சோதித்து வருகிறார்கள். டிடிடி குறைந்ததையும் தீத்தடுப்பு ரசாயனங்கள் ஏறியதையும் அந்தப் பால்தான் உலகுக்குச் சொன்னது. தாய்ப்பாலே சிறந்தது என்பதை அவர்கள் ஒருபோதும் மாற்றிச் சொல்லவில்லை. அளப்பவர்களுக்குப் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். எண்ணைப் பெற்றோரிடம் சொல்லாமல் கோப்பில் வைத்துக்கொள்வதும் அதே அளவு தவறு.

தமிழ்நாடு டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அங்கன்வாடியில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் இருக்கிறார்கள். காலை உணவு உண்ணும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்த கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே போய்ச் சந்திக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் சோதிக்க வேண்டாம். ஒவ்வொரு வயதிலும் சில ஆயிரம் பேர், மூன்றாண்டுக்கு ஒருமுறை, அதே முறையில். எண்ணூரும் ஏற்காடும் ராணிப்பேட்டையும் ராமநாதபுரமும் அதில் இருக்க வேண்டும். ஒரு பங்கு மாதிரியை உறைகுளிரில் பத்திரப்படுத்த வேண்டும்; இன்று பெயரே தெரியாத நஞ்சை நாளை அதில் தேடலாம். தொடக்கமாக ஈயம் ஒன்று போதும். சுகாதாரத் துறைச் செயலர் அடுத்த முறை ஹீமோகுளோபின் படிவத்தை அச்சுக்கு அனுப்பும் முன், அதன் கீழே ஒரு வரி சேர்க்கட்டும். 1998-ல் இரண்டு நகரங்களில் இருந்த வரிதான் அது.